வேலைக்கும் தேவைக்கும் நடுவே
(பட்டமளிப்பு விழா உரை)

மனிதர் உழைப்பது தேவையை நிறைவேற்றிக்கொள்ள. பசிக்கு உழவு, மானத்துக்கு நெசவு, நோய்க்கு மருத்துவம், அறியாமைக்குக் கல்வி என ஒவ்வொரு தொழிலும் ஒரு தேவையிலிருந்து பிறந்தது. தேவை நிறைந்ததும் உழைப்பு குறைந்திருக்க வேண்டும். மீந்த பொழுது ஓய்வுக்கும் கலைக்கும் உறவுக்கும் வந்திருக்க வேண்டும். கடந்த நூறு ஆண்டுகளில் நடந்தது வேறு. இயந்திரம் வந்தது, விளைச்சல் பெருகியது, சரக்கு குவிந்தது. உழைக்கும் நேரம் மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. குவிந்த சரக்கை விற்றாக வேண்டும் என்பதற்காகப் புதிய ஆசைகள் உண்டாக்கப்பட்டன. ஆசையை உண்டாக்குவதே பெருந்தொழிலாகி, ஒருவர் வாங்கும் பொருளைக் கொண்டே அவருடைய மதிப்பை அளக்கும் வழக்கம் வேரூன்றிய சமூக நிலைக்குத்தான் நுகர்வுப் பண்பாடு என்று பெயர்.

அதன் மறுபக்கம் பயனற்ற வேலை. தன் வேலையால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று செய்கிறவருக்கே சொல்லத் தெரியாத வேலை அது. இவை இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. மனம் ஒட்டாத வேலையில் நாளெல்லாம் களைத்தவர் ஆறுதல் தேடிப் பொருள் வாங்குகிறார். வாங்கிய பொருளின் மாதத் தவணைக்காக அதே வேலையை விட முடியாமல் கிடக்கிறார். பட்டம் பெற்று வேலைக்குச் செல்லும் தலைமுறை முதலில் அறிய வேண்டியது இந்தச் சுழற்சியை. விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இதைப் படிப்பதற்கு ஏற்ற ஊர்கள். பஞ்சாலை, விசைத்தறி, பால்கோவா அடுப்பு, மாந்தோப்பு, கோயில் நந்தவனம் என்று பலவகை உழைப்பும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் நடக்கிறது. எந்த உழைப்பு எந்தத் தேவைக்கு என்பதைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

நுகர்வுப் பண்பாடு தானாக முளைத்ததன்று. பிறர் பார்ப்பதற்காகவே செலவு செய்யும் வழக்கத்தை அமெரிக்கப் பொருளியலாளர் தார்ஸ்டைன் வெப்லன் 1899-இல் விரிவாக ஆராய்ந்தார். அன்று அது செல்வர்களின் பழக்கம். அதை எல்லாருக்கும் உரிய பழக்கமாக்கியது 20-ஆம் நூற்றாண்டின் தொழில்துறை. பல நாட்டு மின்விளக்கு நிறுவனங்கள் 1924-இல் ஜெனீவாவில் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதற்கு முன் 1,500 முதல் 2,000 மணி நேரம் வரை எரிந்த குமிழ் விளக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது என்று வரையறுத்தன. நீடித்து உழைக்கும் பொருளைச் செய்யத் தெரிந்திருந்தும், சீக்கிரம் கெடும்படி செய்வதற்கு அறிவாளிகள் கூலி பெற்றார்கள். அதே காலத்தில் அமெரிக்கக் கார் நிறுவனங்கள் ஆண்டுதோறும் புது வடிவத்தை இறக்கி, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைப் பழையதாகத் தோன்றச் செய்தன. பொருள் உடைவதற்கு முன்பே மனம் அதை விட்டு விலகிவிட வேண்டும் என்பது அந்த விற்பனை முறையின் அடிப்படை. இன்றைய செல்பேசிச் சந்தையும் இதே முறையில்தான் இயங்குகிறது.

தமிழ்நாட்டில் இந்த மாற்றத்தை ஆடி மாதத்தில் தெளிவாகக் காணலாம். உழவருக்கு ஆடி விதைப்பு மாதம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பழமொழி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அது ஆடிப்பூர மாதம். ஆண்டாளின் தேர் ஓடும் மாதம். துணிக்கடைக்கோ அது மந்தமான மாதம், ஏனென்றால் ஆடியில் பெரும்பாலும் கல்யாணம் இல்லை. தேங்கிய சரக்கைக் கழிக்கத் தொடங்கிய தள்ளுபடி விற்பனை வளர்ந்து, இன்று ஆடியே துணி வாங்கும் பருவமாகிவிட்டது. தேவை இல்லாததால் விற்பனை குறைந்திருந்த மாதத்தில், விலைக் குறைப்பே தேவையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அட்சய திருதியை தங்கம் வாங்கியே தீர வேண்டிய நாளாக மாறியதும் அண்மைப் பத்தாண்டுகளில், விளம்பரத்தின் வலிமையால் நடந்ததே. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புதுத்துணி எடுத்த வீடுகளில் இன்று ஒவ்வொரு வாரமும் ஒரு பொட்டலம் வாசலுக்கு வருகிறது.

குடும்பச் செலவின் அமைப்பும் மாறியிருக்கிறது. இந்திய அரசின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வின்படி, 1999-2000-இல் ஊர்ப்புறக் குடும்பச் செலவில் உணவின் பங்கு சுமார் 59 விழுக்காடு. 2022-23-இல் அது சுமார் 46 விழுக்காடு. உணவின் பங்கு குறைவது வளர்ச்சியின் அடையாளமும்தான். பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் போக்குவரத்துக்கும் செலவழிக்க முடிகிறது என்பது அதன் பொருள். ஆனால் அதே ஆய்வில் உணவுச் செலவுக்குள்ளேயே பெரிய பங்கைப் பானங்களும் பொட்டல உணவும் பிடித்திருக்கின்றன. 2022-23-இல் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 5 விழுக்காடு என்ற அளவுக்கு இறங்கியது. பல பத்தாண்டுகளில் காணாத தாழ்வு அது. சேமித்து வாங்கிய தலைமுறையின் பிள்ளைகள் வாங்கிவிட்டுக் கட்டுகிறார்கள்.

இனி வேலையின் பக்கம். பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெயின்ஸ் 1930-இல் ஒரு கணிப்பைச் சொன்னார். நூறு ஆண்டுகளில் உற்பத்தித் திறன் பல மடங்கு பெருகும், வாரத்துக்கு 15 மணி நேரம் உழைத்தால் போதும், அதன் பிறகு மனிதருக்கு இருக்கும் ஒரே சிக்கல் ஓய்வை எப்படி நன்றாகப் பயன்படுத்துவது என்பதே என்றார். உற்பத்தித் திறன் பற்றி அவர் சொன்னது பலித்தது. வேலை நேரம் பற்றிச் சொன்னது பலிக்கவில்லை. மிச்சமான நேரம் எங்கே போனது என்ற கேள்விக்கு மானிடவியலாளர் டேவிட் கிரேபர் 2013-இல் எழுதிய கட்டுரையிலும் 2018-இல் வெளியிட்ட நூலிலும் ஒரு விடை தந்தார். யாருக்கும் தேவைப்படாத, செய்கிறவரே பயனற்றது என்று உள்ளுக்குள் நம்புகிற வேலைகள் பெருகி அந்த நேரத்தை விழுங்கிவிட்டன என்பது அவர் வாதம்.

அத்தகைய வேலைகள் எவை என்பதைக் கண்டுகொள்வது கடினமன்று. யாரும் படிக்காத அறிக்கையை வாரந்தோறும் தயாரிப்பது. அந்த அறிக்கை வந்ததா என்று சரிபார்ப்பது. கடன் வேண்டாதவருக்குத் தொலைபேசியில் கடன் விற்பது. ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தை முறியடிக்க இன்னொரு நிறுவனத்துக்கு விளம்பரம் எழுதுவது. கூட்டத்துக்கு முன் நடக்கும் ஆயத்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பது. இவற்றைச் செய்கிறவர்கள் சோம்பேறிகள் அல்லர். பெரும்பாலும் நன்றாகப் படித்தவர்கள், நேரம் தவறாதவர்கள், குடும்பத்தைக் காப்பவர்கள். குறை அவர்களுடையதன்று. அறிவையும் நேர்மையையும் இப்படி வீணாக்கும் ஏற்பாட்டின் குறை அது.

இங்கே இரண்டு குழப்பங்களைத் தவிர்க்க வேண்டும். முதலாவது, கடினமான வேலையையும் கூலி குறைந்த வேலையையும் பயனற்ற வேலை என்று நினைப்பது. அதிகாலையில் ராஜபாளையத்துத் தெருக்களைக் கூட்டிக் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளரின் வேலை கடினமானது, கூலி குறைந்தது, மதிப்பு மறுக்கப்பட்டது. ஆனால் அது பயனற்றதன்று. ஒரு வாரம் அது நின்றால் ஊர் நோயில் விழும். இரண்டாவது, கூலி இல்லாத வேலையை வேலையே இல்லை என்று நினைப்பது. சமைப்பதும் துவைப்பதும் குழந்தை வளர்ப்பதும் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவரைப் பார்த்துக்கொள்வதும் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை. அவை இல்லாமல் சம்பள வேலை எதுவும் ஒரு நாள்கூட நடக்காது.

ஆகவே வேலையின் மதிப்பை அறியக் கூலி அளவுகோல் ஆகாது. அதைவிட நேரான சோதனை ஒன்று உண்டு: அந்த வேலை நின்றுபோனால் யாருக்கு என்ன இழப்பு? 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் அமலான ஊரடங்கு இந்தச் சோதனையை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் செய்து காட்டியது. நிறுத்தக் கூடாதவை என்று அரசு விலக்களித்தவற்றில் மருத்துவமனை, பால், மளிகை, ரேஷன் கடை, குடிநீர், மின்சாரம், தூய்மைப் பணி ஆகியவை இருந்தன. நிறுத்தியும் யாரும் தேடாத வேலைகள் எவ்வளவு என்பதும் அந்த மாதங்களில் தெரிந்தது. தவிர்க்க முடியாத பணிகளைச் செய்தவர்களில் பெரும்பாலோர் சமூகத்தில் குறைந்த ஊதியம் பெறுகிறவர்கள் என்பது அப்போது வெட்ட வெளிச்சமானது. அந்த உண்மை அதற்குப் பிறகு ஊதியப் பட்டியல்களில் போதிய அளவு இடம்பெறவில்லை என்பது வருத்தத்துக்கு உரியது.

இந்தச் சோதனையை உள்ளூர்த் தொழில்களில் வைத்துப் பார்த்தால் அதன் கூர்மை புரியும். ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியிலும் சுற்றூர்களிலும் விசைத்தறிகளில் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்யப்படுகின்றன. நாட்டின் பல பகுதிகளில் அறுவை மேசையில், விபத்துப் பிரிவில், பிரசவ அறையில் புண்ணைக் கட்டுவது இந்தத் துணி. அதற்கு விளம்பரம் இல்லை, புது மாடல் இல்லை, ஆண்டுத் தள்ளுபடி இல்லை. அது ஒரு நாள் கிடைக்காமல் போனால் உயிர் போகும். தேவையிலிருந்து நேரே பிறந்த தொழிலுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியபோது ஊருக்கு வந்ததும் அத்தகைய தொழிலே: பருத்தி நூலாகும், நூல் துணியாகும், துணி உடம்பை மூடும். அந்த நூலை ஒரு பருவம் மட்டும் உடுத்தி எறியும் ஆடையாக மாற்றிச் சந்தையில் கொட்டும்போதுதான் பயனுள்ள உழைப்பு பயனற்றதாகிறது. தொழிலாளியின் கைத்திறனில் மாற்றம் எதுவும் இல்லை. அது போய்ச் சேரும் இடம் மாறிவிடுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் இதே பாடத்தை இன்னொரு வழியில் கற்பிக்கிறது. பாலும் சர்க்கரையும் மட்டுமே பொருள். விறகு அடுப்பின் முன் நின்று, அடிபிடிக்காமல் இடைவிடாது கிண்டும் கையே பக்குவம். பல நாள் வைத்திருக்க முடியாத பண்டம் என்பதால் ஊரின் பாலுக்கும் உண்பவரின் பசிக்கும் இடையே தூரம் குறைவாக இருந்தது. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப்பெயரை மட்டும் அச்சிட்டு எங்கோ செய்த பண்டத்தை விற்பவரிடமிருந்து அந்தக் கையின் பக்குவத்தைக் காப்பதே அக்குறியீட்டின் நோக்கம். நுகர்வுப் பண்பாடு பெயரை விற்கும். தொழில் பண்டத்தைத் தரும்.

இந்தச் சோதனைக்கு எதிராக ஒரு வலுவான கேள்வி எழும். ஆண்டாள் கோயிலில் தாயார் கையில் சாத்துவதற்கு நாள்தோறும் ஒரு கிளி செய்யப்படுகிறது. பச்சை இலைகளால் உடல், மாதுளம்பூவால் அலகு, மூங்கில் குச்சியால் கால், நந்தியாவட்டையும் அரளியும் அழகுக்கு. அதைச் செய்து முடிக்கச் சில மணி நேரம் ஆகும். அடுத்த நாள் அது வாடிவிடும், மறுபடி புதுக்கிளி. பயன் என்ற சொல்லை வயிற்றோடும் உடம்போடும் நிறுத்திக்கொண்டால் இந்த உழைப்பையும் வீண் என்று சொல்ல நேரும். அப்படிச் சொல்வது தவறு. அந்தக் கிளி நின்றுபோனால் இழப்பை உணர்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். செய்கிறவர் முதல் அதைக் காண வருகிறவர் வரை எல்லாருக்கும் அதன் பொருள் தெரியும். வாடிப்போகும் என்பதால் ஓர் உழைப்பு வீணாகிவிடாது. ஒருவருடைய மனத்தையும் தொடாமல், ஒருவருடைய துன்பத்தையும் தீர்க்காமல் நடப்பதே வீண் உழைப்பு. வழிபாடு, இசை, விளையாட்டு, கதை, கோலம் ஆகியவை பயனுள்ள வேலையின் பட்டியலில் முழு உரிமையோடு இடம்பெற வேண்டியவை.

தேவை, உழைப்பு, மதிப்பு ஆகிய மூன்றையும் இணைத்துச் சிந்தித்த தமிழர் ஒருவர் இப்பகுதியிலேயே வாழ்ந்தார். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரைக்குச் செல்லும் வழியில் உள்ள தே. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஜே.சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காயராகப் பயின்றவர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதியியல் கற்றவர். பெரும்பொருள் ஈட்டும் வாய்ப்பை விட்டு, 1934-இல் வார்தாவில் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்றார். செக்கெண்ணெய், கைக்காகிதம், பனைவெல்லம் போன்ற தொழில்களைக் கணக்கும் ஆய்வுமாக அணுகினார். ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் நூலை எழுதினார். 1960 ஜனவரி 30 அன்று மதுரையில் மறைந்தார்.

குமரப்பா பொருளாதார முறைகளை இயற்கையைப் பார்த்து ஐந்தாக வகுத்தார். இரையைக் கொன்று உண்ணும் புலியின் முறை. உழைக்காமல் தோப்பில் புகுந்து பழம் பறிக்கும் குரங்கின் முறை. தேன் எடுக்கும் பூவுக்கே மகரந்தச் சேர்க்கை செய்து தரும் தேனீயின் முறை. தனக்கென இன்றிக் கூட்டுக்காகச் சேர்க்கும் தேனீக்கூட்டத்தின் முறை. எதையும் எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவையின் முறை. மனிதர் கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்கு ஏற வேண்டும் என்பது அவர் கொள்கை. வாழ்க்கைத் தரத்தை உயர்வு, தாழ்வு என்று பிரிப்பதை அவர் ஏற்கவில்லை. எளிமை, சிக்கல் என்றே பிரித்தார். பொருள் அதிகம் உள்ள வாழ்வு சிக்கலான வாழ்வாக இருக்கலாம். அதனால் உயர்ந்த வாழ்வாகிவிடாது. உழைப்பு என்பது கூலிக்கு விற்கும் நேரம் மட்டுமன்று, மனிதரின் அறிவையும் பண்பையும் வளர்க்கும் உணவு என்றும் அவர் கருதினார். சிறியதே அழகு என்ற கருத்தால் 1973-இல் உலகப் புகழ் பெற்ற ஈ.எஃப். ஷூமாக்கர் தம் எழுத்தில் குமரப்பாவை மேற்கோள் காட்டினார். மேலை நாடுகள் பிற்காலத்தில் வியந்து படித்த சிந்தனைக்கு ஒரு வேர் கல்லுப்பட்டிச் சாலையில் இருக்கிறது என்பதை இப்பகுதி மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பயனற்ற வேலையிலிருந்து விடுதலை கிடைத்தால் மக்கள் என்ன செய்வார்கள்? சோம்பிக் கிடப்பார்கள், குடித்துக் கெடுவார்கள் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் அச்சம். செய்து பார்த்தவர்களின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. மத்தியப் பிரதேசத்தில் 2011-இல் தொடங்கி, பெண் தொழிலாளர் அமைப்பான சேவா யூனிசெஃப் ஆதரவுடன் ஒரு சோதனை நடத்தியது. 8 கிராமங்களில் 6,000 பேருக்கு மேல், எந்த நிபந்தனையும் இன்றி, பெரியவருக்கு மாதம் 200 ரூபாயும் குழந்தைக்கு 100 ரூபாயும் வழங்கப்பட்டன. பின்னர் அது 300, 150 என உயர்த்தப்பட்டது. பணம் பெற்றவர்கள் உழைப்பை விடவில்லை. பிறர் நிலத்தில் கூலிக்குச் செல்வதைக் குறைத்துத் தம் நிலத்தில் கூடுதலாகப் பாடுபட்டார்கள். ஆடு மாடு வாங்கினார்கள். சத்தான உணவு உண்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பின்லாந்து 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வேலையற்ற 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ வழங்கியது. அங்கும் வேலை தேடுவது குறையவில்லை, மனநலம் மேம்பட்டது. பிரிட்டனில் 2022-இல் 61 நிறுவனங்கள் சம்பளத்தைக் குறைக்காமல் வாரத்துக்கு 4 நாள் வேலையைச் சோதித்தன. சோதனை முடிந்த பிறகும் 56 நிறுவனங்கள் அதைத் தொடர்ந்தன.

அயல்நாட்டுச் சான்று இல்லாவிட்டாலும் உள்ளூரே போதிய சான்று. ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரின் வடத்தைப் பிடிக்கும் ஆயிரக்கணக்கான கைகளுக்குக் கூலி இல்லை. திருவிழாவில் நீர்மோர் வழங்குகிறவருக்கும், அன்னதானத்துக்குக் காய் நறுக்குகிறவருக்கும், கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் இளைஞருக்கும் மேலதிகாரி இல்லை. மாலை நேரத்தில் வீட்டுத் திண்ணையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவர் எந்த ஊரிலும் உண்டு. மனிதருக்கு உழைப்பின் மேல் வெறுப்பு இல்லை. பொருளற்ற உழைப்பின் மேல்தான் வெறுப்பு.

அறிவுத் துறையிலும் அப்படியே. ராஜபாளையத்தைச் சேர்ந்த மு.கு. ஜகந்நாத ராஜா தெலுங்கு, பாலி, பிராகிருதம் முதலிய மொழிகளின் நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையை உள்ளடக்கிக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யதாவை அவர் தமிழாக்கியதற்கு 1989-இல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது கிடைத்தது. அண்டைக் கரிசல் பூமியின் இடைசெவலில் வேளாண்மை செய்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன், வட்டார மக்களின் பேச்சுச் சொற்களைத் திரட்டி 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். சந்தைக் கணக்கு பார்த்திருந்தால் இந்த இரண்டு பணிகளும் தொடங்கியே இருக்கமாட்டா. தமிழுக்கு நிலைத்த செல்வமாக எஞ்சியிருப்பவை இத்தகைய பணிகளே.

நேரம் கிடைத்தால் செய்வதற்கு வேலை இல்லாமல் போகுமா என்ற கவலைக்கும் இடமில்லை. வரத்துக் கால்வாய் அடைபட்ட கண்மாய்கள் தூர்வாரக் காத்திருக்கின்றன. ஊரே கூடிக் கண்மாயைப் பேணும் குடிமராமத்து முறை தென்மாவட்டங்களின் பழைய அறிவு. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தச் சரிவில் 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமும் 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் அமைந்தன; காட்டுத்தீயைத் தடுப்பதற்கும் நீரோடைகளைக் கவனிப்பதற்கும் மலையை அறிந்த மனிதர்கள் தேவை. பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்ட வீடுகளில் முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள். எழுத்துக்கூட்டத் திணறும் மாணவர்கள் அரசுப் பள்ளிகளில் இருக்கிறார்கள். பழுது பார்த்தால் இன்னும் பத்து ஆண்டு ஓடும் கருவிகள் குப்பையில் கிடக்கின்றன. செய்ய வேண்டிய வேலைக்குப் பஞ்சமே இல்லை. அதைச் செய்ய வேண்டிய கைகள் வேறு எங்கோ கட்டுண்டு கிடக்கின்றன.

ஓய்வைப் பற்றிப் பேசும்போது பெண்களின் நேரத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும். இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அதில் ஈடுபடும் பெண்களின் விகிதம் 81 விழுக்காடு. ஆண்களின் விகிதம் 26 விழுக்காடு. காலை ஷிப்டுக்கு மில்லுக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் பெண்ணுக்கு அடுப்படியில் இரண்டாம் ஷிப்ட் தொடங்குகிறது. வேலை நேரம் குறைந்து, மீந்த நேரம் முழுவதும் ஆணின் ஓய்வாகவும் பெண்ணின் கூடுதல் வீட்டு வேலையாகவும் மாறினால் அதற்கு விடுதலை என்று பெயரில்லை. வீட்டு வேலையைப் பகிர்வது இந்தப் பொருளில் இருந்து பிரிக்க முடியாத பகுதி.

பயனற்ற வேலையை ஒழிப்பது என்பது ஆட்களை வீட்டுக்கு அனுப்புவதன்று. தறி நின்றால் தொழிலாளிக்குக் கிடைப்பது ஓய்வன்று, பட்டினி. இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரத்தின் பலன் யாருக்குச் சேருகிறது என்பதே கேள்வி. அது உரிமையாளரின் லாபமாக மட்டும் சேர்ந்தால் ஒரு பக்கம் வேலையின்மையும் மறுபக்கம் மிகை உழைப்பும் பெருகும். குறைந்த நேரமாகவும் உறுதியான வருமானமாகவும் பகிரப்பட்டால் எல்லாரும் மனிதராக வாழலாம். இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-இல் சென்னைக் கடற்கரையில் தொழிற்சங்கத் தலைவர் ம. சிங்காரவேலர் கொண்டாடியதன் பின்னணியில் இருந்தது இந்தக் கேள்வியே. 8 மணி நேர வேலை யாரும் தானாக வழங்கிய கொடையன்று. போராடிப் பெற்ற உரிமை.

அந்த உரிமை இன்னும் காக்கப்பட வேண்டிய நிலையில்தான் இருக்கிறது. துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே விற்பனை செய்தவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. வாங்குபவரின் மகிழ்ச்சிக்காக ஒளிரும் கடையில் விற்பவரின் கால் வீங்கியது என்பது நுகர்வுப் பண்பாட்டின் விலைச்சீட்டில் அச்சிடப்படாத விலை. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அது திரும்பப் பெறப்படுவதாக அவ்வாண்டு மே தினத்தன்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. தொகை சிறிது. ஆனால் ஊதியமற்ற உழைப்புக்கும் சமூகம் கடன்பட்டிருக்கிறது என்ற கொள்கையை அது அரசின் கணக்கில் ஏற்றியது.

பட்டம் பெறுகிறவர்களின் பொறுப்பு அவரவர் துறையிலேயே தொடங்குகிறது. பொறியியல் கற்றவர் பழுது பார்க்கக்கூடிய, உதிரி பாகம் கிடைக்கக்கூடிய கருவியை வடிவமைக்கலாம். 1924-இல் ஜெனீவாவில் கூடியவர்கள் தம் அறிவைப் பயன்படுத்திய திசைக்கு எதிர்த்திசை அது. வணிகவியல் கற்றவர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கை நேர் செய்யலாம். பேண்டேஜ் நெய்யும் சிறு தறிக்காரருக்கு நியாயமான விலை கிடைக்க வழி காணலாம். கணினி கற்றவர் விளம்பரத்தைப் பார்க்கவைக்கும் மென்பொருளுக்குப் பதிலாக மருத்துவமனை வரிசையைக் குறைக்கும் மென்பொருளை எழுதலாம். ஆசிரியராகிறவர் விளம்பரத்தைப் படித்துக் கேள்வி கேட்கும் திறனைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். நிர்வாகியாகிறவர் யாரும் படிக்காத அறிக்கையை நிறுத்தலாம். அதனால் நூறு பேரின் மாலை நேரம் மீளும்.

எல்லாருக்கும் விரும்பிய வேலை உடனே அமையாது. குடும்பக் கடன், தங்கையின் படிப்பு, பெற்றோரின் மருத்துவம் என்று பலருக்குக் கிடைத்த வேலையில் சேர வேண்டிய கட்டாயம் இருக்கும். அதில் இழிவு எதுவும் இல்லை. அப்படிச் சேர்ந்தவருக்கும் ஒரு காவல் உண்டு. முதல் சம்பளம் வந்ததும் தேடி வரும் கடன் அட்டையையும், தவணையில் கிடைக்கும் கார், செல்பேசி, ஆடம்பரக் கல்யாணம் ஆகியவற்றையும் தள்ளிவைப்பதே அந்தக் காவல். தவணை இல்லாதவர் வீண் வேலையை விட்டு வெளியேற முடியும். தவறான உத்தரவுக்கு மறுப்புச் சொல்ல முடியும். சம்பளம் சற்றுக் குறைந்தாலும் ஊருக்குப் பயன்படும் வேலையைத் தேர்ந்தெடுக்க முடியும். மறுக்கும் உரிமை உள்ள தொழிலாளர்கள் பெருகும் சமூகத்தில் பயனற்ற வேலைக்கு ஆள் கிடைக்காது. பயனுள்ள வேலைக்கு உரிய கூலியைக் கொடுத்தே தீர வேண்டியிருக்கும். நுகர்வுப் பண்பாடும் பயனற்ற வேலையும் சேர்ந்து இறுக்கிய முடிச்சைப் பட்டதாரி தம் கையாலேயே அவிழ்க்கத் தொடங்கக்கூடிய இடம் அந்த முதல் சம்பளமே.